பேக்கப் எடுத்தாயிற்றா? கணினி பதில் சொல்லக் கற்ற கதை

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால்தான் வருகைப் பதிவேட்டில் குறிப்போம். குரல் வராவிட்டால் அவன் வரவில்லை என்று பொருள். கணினிக்காரர்கள் வெகுகாலம் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார்கள். சத்தம் வரவில்லையா, எல்லாம் நலம்! இரவில் தானாக எடுக்கப்படும் காப்பு நகல்களை, அதாவது பேக்கப்பை, இந்த நம்பிக்கை படுத்திய பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

1979இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் 'கிரான்' என்றொரு நிரல் இருந்தது. இன்ன மணிக்கு இன்ன வேலை என்று எழுதி வைத்துவிட்டால் அது பாட்டுக்குச் செய்துவிடும். யூனிக்ஸில் ஒவ்வொரு வேலையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். சுழியம் என்றால் வெற்றி, வேறு எந்த எண்ணும் தோல்வி. (நம் பள்ளிக்கூடத்தில் சுழியம் வாங்கியவன் கதி வேறு!) 1987இல் பால் விக்ஸி எழுதிய கிரான், வேலை ஏதாவது செய்தியை வெளியிட்டால் அதை உரியவருக்கு அஞ்சலாக அனுப்பிவிடும். செய்தி இல்லையென்றால் அஞ்சலும் இல்லை. சிக்கல் இங்கேதான். வேலை ஒழுங்காக முடிந்தாலும் அஞ்சல் வராது, வேலை தொடங்கவே இல்லையென்றாலும் அஞ்சல் வராது.

அந்தச் சுழியத்தையும் முழுசாக நம்ப முடியாது. தரவை வெளியே எடுக்கும் நிரலையும் அதைச் சுருக்கும் நிரலையும் ஒரே வரியில் குழாய் போல இணைத்து எழுதுவது வழக்கம். அப்போது கணக்கில் வருவது கடைசி நிரலின் எண் மட்டும். முதல் நிரல் தோற்று ஒன்றுமே வராவிட்டாலும், வந்த வெறுமையைச் சுருக்கியவன் "வெற்றி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவான். குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் வசதி 'பாஷ்' நிரலுக்கு 2004இல்தான் வந்தது.

1991இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான 'அமாண்டா' இந்த விஷயத்தில் கெட்டி. இரவு வேலை எப்படி முடிந்திருந்தாலும், நன்றாகவே முடிந்திருந்தாலும், ஓர் அறிக்கையை அஞ்சலில் அனுப்பிவிடும். எல்லோரும் அந்த வழிக்கு வந்துவிடவில்லை. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. பேக்கப்பைத் தேடினால், அது பல வாரங்களாகச் சரியாகவே எடுக்கப்படவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது.

என் மனத்தில் அதிகம் தங்கியது 2017 ஜனவரி 31 இரவு நடந்தது. கிட்லேப் என்பது நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம். களைத்துப் போயிருந்த ஒரு பொறியாளர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினாலும், ஏறக்குறைய 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, தினமும் எடுக்கும் பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், அந்தச் சேமிப்பிடம் காலி! தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுக்கும் கருவியோ 9.2. பழைய கருவி புதிய தரவுத்தளத்தை ஏற்காமல் ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. கிரான் தன் கடமையைச் செய்து பிழையை அஞ்சலில் அனுப்பவும் செய்தது. ஆனால் அந்த அஞ்சல்களில் முறையான கையொப்பம் இல்லை என்று பெறும் சர்வர் அவற்றைத் திருப்பிவிட்டது. புகார்க் கடிதம் எழுதியும் வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அஞ்சல் வரவில்லை, ஆகவே நலம் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்திருந்த பிரதியே கடைசியில் காப்பாற்றியது. அதைத் திரும்ப நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. இடைப்பட்ட நேரத்தில் பதிவானவை, சுமார் 5,000 திட்டங்களின் விவரங்களும் அத்தனை கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும், போனது போனதுதான். மீட்பு வேலையை அந்நிறுவனம் யூடியூபில் நேரலையாகக் காட்டியது. தவறிய பொறியாளரின் தலையை உருட்டாமல் நடைமுறையின் ஓட்டைகளைப் பட்டியலிட்டார்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது.

இன்று பலர் விதியையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மின்சார ரயிலில் ஓட்டுநர் பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கை எடுத்தால் பிரேக் விழும். அதுபோல, பேக்கப் முடிந்ததும் தொலைவில் உள்ள காவல் நிரலுக்கு "முடித்தேன்" என்று சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் குரல் வராவிட்டால் தோல்வி என்று மணி அடிக்கும். நேற்று 40 ஜிபி இருந்த கோப்பு இன்று சில பைட்டுகளாக வந்தாலும், சுழியம் என்ன சொன்னாலும், தோல்விதான். கிட்லேப் தன் அறிக்கையில் இன்னொரு வேலையையும் எழுதி வைத்தது: எடுத்த நகலைத் தானாகவே ஒரு வெற்றுச் சர்வரில் திரும்ப ஏற்றி, தரவு நிஜமாகவே வருகிறதா என்று சோதிப்பது.