ஆக்கமே அளவு: ஜாமியா வெகுசனத் தொடர்பியல் பட்டதாரிகளின் பணிச் சாதனைகள்

1. பொருளும் எல்லையும்

இதழியலுக்கெனத் தனிப்பள்ளி ஒன்று 1908இல் அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. இத்துணைக்கண்டத்தில் 1941இல் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகமும், 1947இல் சென்னைப் பல்கலைக்கழகமும் இதழியல் படிப்பைத் தொடங்கின. பத்திரிகை அலுவலகத்தில் கற்றுக்கொள்ள முடியாத எதை வகுப்பறை கற்பித்துவிடப் போகிறது என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் அது ஓயவில்லை. பாடத்திட்டத்தைப் புரட்டி இதற்கு விடை காண முடியாது. பட்டம் பெற்றோர் பின்னாளில் என்ன செய்தார்கள் என்பதில்தான் விடையைத் தேட வேண்டும்.

அத்தேடலுக்கு ஒரு நிறுவனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் ஏ.ஜே.கே. வெகுசனத் தொடர்பியல் ஆய்வு மையம். நாற்பதாண்டு வரலாறு உடைய மையம் இது. செய்தி, நிழற்படம், ஆவணப்படம், கதைப்படம் என நான்கு துறைகளிலும் இதன் பட்டதாரிகளின் ஆக்கங்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. செய்தி மேசையிலும் ஒலிக்கூடத்திலும் வகுப்பறையிலும் வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள் இவ்வாய்வில் இடம்பெறவில்லை. பெயர் வெளியே தெரியாத வேலை அவர்களுடையது. இக்குறை ஆவணங்களின் குறையேயன்றி அவர்களது உழைப்பின் குறையன்று.

2. வரையறைகள்

பணிச் சாதனை என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் மூன்று வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தாலன்றி ஆய்வு நகராது.

பதவியடைவு என்பது ஒரு நிறுவனத்தில் ஒருவர் எட்டிய பொறுப்பு. ஆசிரியர், தயாரிப்பாளர், பிரிவுத் தலைவர் முதலியன. ஏற்புச் சாதனை என்பது பிறர் அளித்த அங்கீகாரம். விருது, பட்டம், பரிந்துரை முதலியன. ஆக்கச் சாதனை என்பது செய்துமுடித்த பொருளே. ஒரு செய்தித் தொடர், ஒரு படம், ஒரு நிழற்படம். முதலாவது நிறுவனத்தைச் சார்ந்தது. நிறுவனம் மூடப்பட்டால் அதன் எடையும் குறைந்துவிடும். இரண்டாவது நடுவர்களைச் சார்ந்தது. மூன்றாவது மட்டுமே ஆக்கியவர் மறைந்த பின்னும் நின்று சான்று சொல்லும். ஆகவே இக்கட்டுரையில் சாதனை என்ற சொல்லை மூன்றாம் பொருளிலேயே வழங்குகிறோம். மற்ற இரண்டையும் அதற்குத் துணைச்சான்றாக மட்டும் கொள்கிறோம்.

மேலும் இரு கலைச்சொற்கள் தேவைப்படுகின்றன. பட்டம் பெற்றதற்கும் ஒருவர் தம் முழுத்திறமும் வெளிப்பட்ட ஆக்கத்தைத் தந்ததற்கும் இடைப்பட்ட காலத்தை முதிர்காலம் என்கிறோம். நுழைந்த தொழிலை விட்டு அதன் அண்டைத் தொழிலுக்குப் பெயர்வதைத் தடமாற்றம் என்கிறோம்.

ஒரு விலக்கும் உண்டு. இம்மையத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் உச்சரிக்கும் பெயர் ஷாருக் கான். அவர் இங்குச் சேர்ந்தார். படிப்பை முடிக்காமல் நடிப்புக்குச் சென்றார். பட்டதாரி என்னும் வரையறைக்குள் வராத காரணத்தால் அவரை விட்டுவிடுகிறோம்.

3. மையத்தின் தோற்றம்

1982இல் ஜாமியாவின் துணைவேந்தராக இருந்த அன்வர் ஜமால் கித்வாய் இம்மையத்தை நிறுவினார். கனடாவின் யார்க் பல்கலைக்கழகம் உடன்நின்றது. அந்நாட்டு ஆவணப்பட இயக்குநர் ஜேம்ஸ் பெவரிட்ஜ் இதை உருவாக்குவதில் பங்கேற்றார். பின்னாளில் நிறுவனரின் பெயர் மையத்தோடு இணைக்கப்பட்டது.

ஆவணப்படக்காரர் ஒருவரின் கை தொடக்கத்திலேயே பட்டது தற்செயலாக நேர்ந்திருக்கலாம். அதன் விளைவு மட்டும் நெடுங்காலம் நீடித்தது. பத்திரிகை எழுத்தை நடுவில் வைத்துப் பிறவற்றை ஓரத்தில் வைக்கும் பாடமுறை இங்கு வேரூன்றவில்லை. நிழற்படம், ஒலி, தொலைக்காட்சி, ஆவணப்படம் ஆகியவற்றை ஒரே மாணவர் கையால் செய்து பார்க்கும் முறையே நிலைபெற்றது. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடளாவிய கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அதற்கு நிகழ்ச்சி தயாரித்த மையங்களுள் இதுவும் ஒன்று. படப்பிடிப்புக் கூடமும் கருவிகளும் வளாகத்துக்குள்ளேயே இருந்தன. இதழியல் துறைகள் பலவற்றுக்கு அந்நாளில் வாய்க்காத வசதி அது.

4. சாதனைகளின் வகைகள்

4.1 செய்தி. தொலைக்காட்சிச் செய்திக்கு இம்மையம் தந்தவர்களுள் முதன்மையாக அறியப்படுபவர் பர்கா தத். 1999 கார்கில் போரின்போது களத்திலிருந்து அவர் அனுப்பிய செய்திகள், இந்தியப் பார்வையாளர்களுக்குப் போரை வீட்டுக்கூடத்துக்குள் கொண்டுவந்தன. 2008இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஜாமியாவுக்குப் பின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் என்பதால் அவரது தேர்ச்சி முழுவதையும் ஒரு நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

4.2 நிழற்படம். டானிஷ் சித்திகியின் பணி இவ்வாய்வின் மையச் சான்று. ஜாமியாவில் பொருளியல் படித்து, 2007இல் வெகுசனத் தொடர்பியல் பட்டம் பெற்றார். முதலில் நிருபராகவே தொழிலில் நுழைந்தார், தொலைக்காட்சியிலும் பணியாற்றினார். 2010இல் அந்த வேலையை விட்டு ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் பயிற்சிநிலை நிழற்படக்காரராகச் சேர்ந்தார். ஏற்கெனவே அடைந்த நிலையிலிருந்து கீழிறங்கி மீண்டும் தொடங்கியதைத் தடமாற்றத்தின் தெளிந்த வடிவமாகக் கொள்ளலாம்.

2017 செப்டம்பரில் வங்கதேசத்தின் ஷா பொரிர் தீவில் அவர் எடுத்த படத்தைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். படகில் எல்லை கடந்து வந்த ரோகிங்கியாப் பெண் ஒருவர் கரையில் தாழ்ந்து, கையால் மண்ணைத் தொடுகிறார். துப்பாக்கி இல்லை, இரத்தம் இல்லை, எரியும் வீடு இல்லை. விட்டுவந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை மண்ணைத் தொடும் அந்தக் கை சொல்லிவிடுகிறது. ரோகிங்கியா அகதிகள் பற்றிய படத்தொகுப்புக்காக 2018இல் ராய்ட்டர்ஸ் நிழற்படக் குழுவுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அக்குழுவில் டானிஷும் இருந்தார்.

2020 ஜனவரி 30 அன்று அவர் படித்த பல்கலைக்கழகத்தின் அருகிலேயே, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த போராட்டக்காரர்களை நோக்கி ஒருவர் துப்பாக்கியை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசையாகக் காவலர்கள் நிற்பது டானிஷின் படத்தில் தெரிகிறது. முன்னணியில் துப்பாக்கி, பின்னணியில் காவல்துறை: இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்கியதால்தான் அப்படம் நிகழ்வின் பதிவு என்ற அளவைத் தாண்டிச் சான்றாக நின்றது. 2021 ஏப்ரலில் தில்லிச் சுடலைகளில் எரிந்த சிதைகளை மேலிருந்து காட்டிய படமும் அவருடையதே. அதே ஆண்டு ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்தக்கில் பணியின்போது கொல்லப்பட்டார். ஜாமியா இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். கோவிட் காலப் படங்களுக்கான 2022 புலிட்சர் அவர் மறைவுக்குப் பின் வந்தது.

4.3 ஆவணப்படம். மையத்தில் பயின்ற ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் 2009இல் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினர். புந்தேல்கண்டில் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ‘கபர் லஹரியா’ செய்தி நிறுவனம் அச்சிலிருந்து கைப்பேசிக்கு மாறிய காலத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படம்பிடித்து ‘ரைட்டிங் வித் ஃபயர்’ படத்தை உருவாக்கினர். 2021 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அது விருதுகள் பெற்றது. 2022இல் முழுநீள ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. இம்மையத்திலேயே பயின்ற ஷௌனக் சென், தில்லி வசீராபாத்தில் காயம்பட்ட பருந்துகளைக் காப்பாற்றும் இரு சகோதரர்களைப் பற்றி ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ எடுத்தார். 2022இல் சன்டான்ஸில் உலக ஆவணப்படப் பிரிவின் முதற்பரிசும் கான் திரைப்பட விழாவின் ஆவணப்படப் பரிசும் அதற்குக் கிடைத்தன. மறு ஆண்டு அதுவும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றது. ஒரே துறையில் படித்தோரின் படங்கள் அடுத்தடுத்த இரண்டாண்டுகளில் இப்படி எழுந்ததைத் தனிமனிதத் திறமை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது.

4.4 கதைப்படம். இயக்குநர்கள் கிரண் ராவ், கபீர் கான் ஆகியோரை இங்குக் குறிப்பிட்டால் போதும். கபீர் கானின் தடத்தில் தமிழ் வாசகர் கவனிக்க ஒன்று உண்டு. இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றி, அதில் பணியாற்றிய கேப்டன் லட்சுமி சாகலையும் குர்பக்ஷ் சிங் தில்லனையும் கொண்டு, 1999இல் அவர் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதே பொருளை 2020இல் கதைத் தொடராகத் தந்தார். சென்னையில் பிறந்து வளர்ந்த லட்சுமியின் வரலாறு ஓர் இயக்குநரின் மனத்தில் இருபதாண்டு தங்கியிருந்தது.

5. காரணங்கள்

மூன்று காரணங்களைப் பிரித்துக் காண்கிறோம்.

முதலாவது பல்கைப் பயிற்சி: ஒருவரே பல கருவிகளில் பழகும் முறை. நிருபராக இருந்த டானிஷ் நிழற்படத்துக்குப் பெயர முடிந்ததற்கும், ஆவணப்படக்காரரான கபீர் கான் கதைப்படத்துக்குச் சென்றதற்கும் இதுவே வாயில். தடமாற்றம் இம்மையப் பட்டதாரிகளிடம் அடிக்கடி தென்படுவது வியப்பன்று.

இரண்டாவது உடன்பயில்வோர். இதைப் பாடத்திட்டம் எழுதுவோர் போதிய அளவு மதிப்பதில்லை என்பது எம் கருத்து. ஒருவர் கேமராவைப் பிடிக்க, ஒருவர் ஒலியைக் கவனிக்க, இரவெல்லாம் படத்தொகுப்பு அறையில் ஒருவர் முடிவோடு இன்னொருவர் மோதிப் பழகும் இரண்டாண்டுகள் தொழில்வாழ்வின் முதற்குழுவை உருவாக்கித் தருகின்றன. ரிந்து, சுஷ்மித் இணையரின் நிறுவனம் அதற்கு நேர்ச்சான்று.

மூன்றாவது பின்புலம். டானிஷின் தந்தை ஜாமியாவில் பேராசிரியர். பர்கா தத்தின் தாயார் பெயர்பெற்ற பத்திரிகையாளர். வகுப்பறைக்கு வருமுன்பே சிலருக்கு மொழியும் தொடர்புகளும் துணிவும் வாய்த்திருந்தன. இதை மறைத்துவிட்டுப் பட்டத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது ஆய்வுநேர்மை ஆகாது.

பட்டத்தின் எல்லையைக் காட்ட 2022 புலிட்சரே போதும். டானிஷோடு அப்பரிசைப் பகிர்ந்தவர்களுள் சன்னா இர்ஷாத் மட்டூ காஷ்மீர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். அட்னான் அபிதியோ இருட்டறை உதவியாளராகத் தொழிலுக்கு வந்தவர். பட்டம் ஒரு வழி; அதுவே தனிவழி அன்று.

6. படிநிலைகள்

பணித்தடத்தில் பயில்நிலை, ஊழியநிலை, ஆக்கநிலை என மூன்று படிகள் தெரிகின்றன. ஊழியநிலையில் பிறர் வகுத்த பொருளைப் பிறர் வகுத்த கெடுவுக்குள் செய்து பழகுகிறார்கள். ஆக்கநிலையில் பொருளைத் தாமே தேர்ந்து, அதன் பொறுப்பையும் தாமே ஏற்கிறார்கள்.

முதிர்காலம் எல்லோர்க்கும் ஒன்றாக இல்லை. வகைக்கேற்ப அது வேறுபடுகிறது. செய்தியில் அது குறுகியது: பர்கா தத் தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே கார்கில் நேர்ந்தது. நிழற்படத்தில் டானிஷுக்குப் பத்தாண்டு. ஆவணப்படத்தில் ரிந்து, சுஷ்மித் இருவருக்கும் நிறுவனம் தொடங்கியதிலிருந்து எண்ணினாலும் பன்னிரண்டு. ‘லகான்’ படத்தில் உதவி இயக்குநராக இருந்த கிரண் ராவ், ‘தோபி காட்’ முடித்து ‘லாபதா லேடீஸ்’ தரும்வரை இருபதாண்டுகளுக்கு மேல் கடந்தன. வேறுபாட்டுக்குக் காரணம் உழைப்பின் கூடுதல் குறைவு அன்று. செய்தியில் நிகழ்வும் கருவியும் பணமும் வெளியிலிருந்து வருகின்றன. செய்தியாளர் அங்கே தயாராக இருந்தால் போதும். ஆவணப்படத்தில் இவை மூன்றையும் ஆக்குபவரே தேடிச் சேர்க்க வேண்டும். படத்தில் வருவோரின் நம்பிக்கையையும் பெற வேண்டும். நம்பிக்கையைக் கெடு வைத்துப் பெற இயலாது.

இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. பட்டம் முடித்த ஆறு மாதத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எண்ணும் கணக்கு, இத்துறையின் பயனை அளக்கத் தகுதியற்றது. அக்கணக்கில் 2010இன் டானிஷ் பின்னடைவாகவே பதிவாகியிருப்பார்.

7. உரிமை பற்றிய ஒரு சிக்கல்

ஆக்கச் சாதனை யாருக்குரியது? 2018 பரிசு குழுவுக்கு. 2022 பரிசு நால்வருக்கு. இருந்தும் நிறுவனங்களின் சாதனைப் பட்டியலில் தனிப்பெயரே எஞ்சுகிறது. இது முதற்பிழை.

இரண்டாவது இன்னும் ஆழமானது. ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆஸ்கார் மேடையை நெருங்கிய 2022 மார்ச்சில், படத்தில் வரும் ‘கபர் லஹரியா’ பெண்களே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். படம் நெஞ்சைத் தொடுவது, வலிமையானது என்று ஒப்புக்கொண்டு, ஒரு கட்சியைப் பற்றிய செய்திகளிலேயே தாங்கள் முழுக் கவனம் செலுத்துவதாக அது காட்டுவது சரியன்று என்று மறுத்தார்கள். 2002 முதல் செய்தி சேகரித்துவருபவர்கள் அவர்கள். இதழியல் பட்டத்தின் துணையின்றி அத்தொழிலைக் கட்டியெழுப்பியவர்கள். அவர்களது மறுப்பால் படத்தின் பெருமை குறையவில்லை. படமும் அவர்களது மறுப்பைச் செல்லாததாக்கவில்லை. படமாக்கப்பட்டவரின் சொல்லையும் சேர்த்துப் பதியாத சாதனைக் குறிப்பு பாதிக் குறிப்பே என்பது எம் துணிபு.

8. தமிழ்நாட்டுத் துறைகளுக்கு

‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ பரிசை இழந்த அதே 2023 மார்ச் விழாவில், முதுமலை யானை முகாமைப் பற்றிய ‘தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்’ குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்காரை வென்றது. அதன் இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் கோவையில் காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) படித்தவர். 2007இல் பட்டம் பெற்றவர். இங்கும் முதிர்காலம் பதினைந்தாண்டை ஒட்டியே நிற்கிறது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் நெல்லையிலும் ஆண்டுதோறும் விஸ்காம், இதழியல் பட்டதாரிகள் வெளியேறுகிறார்கள். அவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்பதைத் துறைகள் பதிந்து வைக்கின்றன. என்ன ஆக்கினார்கள் என்பதைப் பதிவதில்லை.

ஆகவே துறைத்தலைவர்களிடம் நாம் வேண்டுவது இது. பழைய மாணவர் பதிவேட்டில் பதவி, நிறுவனம் என்னும் கட்டங்களுக்கு அடுத்து ஆக்கம், உடன் உழைத்தோர், படமாக்கப்பட்டோர் என மூன்று கட்டங்களைச் சேருங்கள். பட்டம் பெற்றுப் பதினைந்தாண்டு ஆகும்வரை அவற்றை மூடாதீர்கள். இதைப் படிக்கும் பட்டதாரிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்த ஒரு செய்தித் தொடர், ஒரு வானொலி நிகழ்ச்சி, ஒரு குறும்படம் எதுவாயினும், அதில் ஒலி பதிந்தவர், படம் தொகுத்தவர் பெயரோடு சேர்த்து இன்றே உங்கள் துறைக்கு எழுதி அனுப்புங்கள்.