நூலும் நூலகரும்

நூலகம் என்றதும் நம் நினைவில் நூல்களும் அலமாரிகளும் தோன்றுகின்றன. அவற்றைக் காத்து வழங்கும் நூலகர் தோன்றுவதில்லை. நூலகரின் பணியைத் தனிக்கலையாக உயர்த்தி உலகிற்கு வழிகாட்டியவர் ஒரு தமிழர்.

1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அவ்வாண்டே இங்கிலாந்து சென்று நூலகக் கலை பயின்றார். தாம் பெற்ற பயிற்சி பிறர்க்கும் வேண்டுமெனக் கருதி, 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக நூலகர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வாசகரைத் தேடி நூலகமே சென்றது. அரங்கநாதனின் இடையறா முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. நூலகத்திற்கென வரி கிடைத்தது. நூலகருக்கு நிலையான ஊதியமும் வாய்த்தது.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலும் முற்காலத்தில் படிப்பகங்கள் இருந்தன. பால்மரம் வெட்டி வந்தோர்க்கு மாலையில் நாளிதழ் படித்துக் காட்டிய இளைஞரே ஆங்கு நூலகர். அவர்க்கு ஊதியமுமில்லை, பயிற்சியுமில்லை. அத்தகையோர் தோட்டத்தை விட்டு நீங்கியபோது படிப்பகக் கதவுகளும் அடைபட்டன.

இன்று உலகெங்கும் நூலகங்கள் கணினி, இணையம் எனக் கிளைத்து வளர்கின்றன. எனினும், குழந்தையின் கையில் உரிய நூலை உரிய வேளையில் வைப்பதற்கு ஒருவர் வேண்டும். நம் பள்ளிகளில் வகுப்புச் சுமையோடு நூலகத்தையும் காக்கும் ஆசிரியர்க்குப் பயிற்சியும் நேரமும் அளித்தல் நம் கடன். நூல் வாங்கப் பொருள் வழங்கும் அன்பர்கள் இதனையும் எண்ணுவாராக. வண்டி நிறைய நூலிருந்தும் ஓட்டுவாரின்றேல் அஃது ஊர் சேராது.