ஒரு நிமிடத்தில் பாதி: அரை ஆயுட்காலம் பிறந்த கதை

அரை ஆயுட்காலம் என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு சூத்திரமும் இரண்டு மதிப்பெண்ணும்தான். ஆனால் அது பிறந்தது ஒரு தொல்லையிலிருந்து!

1899ஆம் ஆண்டு. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகம். நியூசிலாந்தில் பிறந்த எர்னஸ்ட் ரூதர்போர்டு அங்கே பேராசிரியராகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவரோடு பணியாற்றிய ஓவன்ஸ் தோரியத்தின் கதிர்வீச்சை அளந்தார். அளவு ஓரிடத்தில் நிற்கவே இல்லை. காற்று லேசாக அசைந்தாலே குறைந்தது.

தோரியத்திலிருந்து ஏதோ ஒரு வாயு கிளம்புகிறது, அதுவும் கதிர்வீசுகிறது என்று ரூதர்போர்டு கண்டுபிடித்தார். அந்த வாயுவைக் காற்றோட்டத்தோடு வேறொரு கலத்துக்குக் கொண்டுபோய், ஓட்டத்தை நிறுத்திவிட்டு அளந்தார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வீச்சு பாதியானது. அடுத்த நிமிடத்தில் மீதியில் பாதி. பிறகு அதிலும் பாதி. 1900இல் இதை வெளியிட்டார்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு நிமிடத்தில் பாதி போனால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் போய்விடாதா? போகாது, கால் பங்கு மிஞ்சும். காரணம், அணுவுக்கு முதுமை கிடையாது. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது பிறந்த அணுவுக்கும், பல கோடி ஆண்டுகளாக இருக்கும் அதே வகை அணுவுக்கும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றுதான். அதனால் எப்போதும் இருப்பதில் ஒரு பங்குதான் குறையும்.

1902இல் ரூதர்போர்டும் பிரெடெரிக் சாடியும் ஒரு தனிமம் தானாகவே இன்னொன்றாக மாறுகிறது என்று அறிவித்தார்கள். ரசவாதம் என்று கேலி பேசப்பட்ட விஷயம்! துணிச்சல்தான்.

இதன் அடி விழுந்தது கெல்வின் பிரபுவின் கணக்கில். பூமி குளிர்ந்துவரும் வேகத்தை வைத்து அதன் வயது 2 முதல் 4 கோடி ஆண்டுகள் என்று 1897இல் அவர் சொல்லியிருந்தார். பரிணாமத்துக்கு அது போதவே போதாது. டார்வினையே கடைசிவரை உறுத்திய பிரச்சினை இது. 1904இல் லண்டனில் ரூதர்போர்டு பேசியபோது, 79 வயது கெல்வினும் அவையில் இருந்தார். புதிய வெப்ப மூலம் எதுவும் கண்டுபிடிக்கப்படாதவரைதான் தன் கணக்கு செல்லும் என்று கெல்வினே நிபந்தனை வைத்திருந்ததாகச் சொல்லி ரூதர்போர்டு சமாளித்தாராம். (பூமியின் உட்பகுதி வெப்பத்தை எப்படிக் கடத்துகிறது என்பதில்தான் கெல்வினின் பெரிய பிழை, ஜான் பெர்ரி அதை 1895லேயே சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்?)

1907இல் போல்ட்வுட் யுரேனியக் கனிமங்களில் சேர்ந்திருந்த ஈயத்தை அளந்து, சில பாறைகளுக்கு 41 கோடி முதல் 220 கோடி ஆண்டுகள் வரை வயது சொன்னார். 1956இல் பேட்டர்சன், விண்கற்களின் ஈயத்தைக் கொண்டு, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்றார். யுரேனியம் 238இன் அரை ஆயுட்காலம் சுமார் 447 கோடி ஆண்டுகள். அதாவது, பூமி உருவானபோது இருந்ததில் ஏறத்தாழ பாதி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.