கத்தியா, கதிரா, காத்திருத்தலா?

மருத்துவ வரலாற்றில் நாம் பெரும்பாலும் வெற்றிகளையே தேடி வாசிக்கிறோம். புராஸ்டேட் சுரப்பிக்குள் அடங்கி நிற்கும் புற்றுநோயின் வரலாற்றிலோ ஓர் ஐயம் நூறாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து வருகிறது.

1904இல், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் இச்சுரப்பியை முழுதும் அகற்றும் அறுவையைச் செய்தார். நோயை அகற்றிய கத்தி பலரிடம் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆண்மையையும் சேர்த்தே பறித்தது. 1950களில் ஸ்டான்ஃபோர்டில் மால்கம் பாக்‌ஷா உயர் ஆற்றல் கதிர்வீச்சை மாற்று வழியாக முன்வைத்தார். 1982இல், யங் பணியாற்றிய அதே மருத்துவமனையில், பேட்ரிக் வால்ஷ் நரம்புகளைக் காத்தபடி அறுக்கும் முறையைக் கண்டார்.

பின்னர் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை பரவியது. அறிகுறியே இல்லாதவரிடமும் நோய் கண்டறியப்பட்டது. மெல்ல வளரும் அந்நோயால் அவர் இறப்பாரா, அந்நோயோடே முதுமை எய்தி வேறொன்றால் இறப்பாரா என்ற வினா அப்போதுதான் கூர்மை பெற்றது.

விடை தேடிய ஆய்வுகளுள் இரண்டை இங்கே ஒப்பிடலாம். 1989இல் தொடங்கிய ஸ்காண்டிநேவிய ஆய்வில் 695 பேர் அறுவை, காத்திருத்தல் என இரு பிரிவாயினர். 2018இல் வெளியான முடிவின்படி, அறுவை பெற்றோர் சராசரியாக 2.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் பி.எஸ்.ஏ. சோதனை பரவுமுன் நோய் வெளிப்பட்டவர்கள்.

பிரித்தானியாவின் புரோடெக்ட் ஆய்வோ பி.எஸ்.ஏ. வழி கண்டறியப்பட்ட 1643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்தது. 15 ஆண்டுகளுக்குப்பின், 2023இல் வெளியான கணக்கில், இந்நோயால் இறந்தோர் முறையே 3.1, 2.2, 2.9 விழுக்காட்டினரே. நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியது 9.4, 4.7, 5.0 விழுக்காட்டினரிடம். கண்காணிப்பில் இருந்தோருள் 61 விழுக்காட்டினர் பிற்பாடு சிகிச்சைக்கு மாறினர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அறுவை செய்துகொண்டோருள் 17 விழுக்காட்டினர் ஆறாண்டு கழிந்தும் சிறுநீர்க் கசிவுக்கு உறிஞ்சுபட்டை அணிய நேர்ந்தது. கண்காணிப்பில் இது 8, கதிர்வீச்சில் 4.

இவ்வெண்கள் எவருக்கும் ஒரே தீர்ப்பை எழுதித் தரவில்லை. நோயின் வீரியம், வயது, பிற நோய்கள் ஆகியவற்றோடு, எந்த இழப்பைத் தாங்க இயலும் என்னும் கேள்வியும் முடிவில் பங்கு கொள்கிறது. யங்கின் காலத்தில் மருத்துவர் மட்டுமே எடுத்த முடிவில் இன்று நோயாளிக்கும் குரலுண்டு. வீரியம் குறைந்த நோயெனில் அவசரமின்றிச் சிந்திக்க அவருக்குக் காலமும் உண்டு என்பதே இவ்வரலாறு நமக்களிக்கும் ஆறுதல்.