ஐந்தாவது கால்

இத்தாலிய நகரங்களில் உணவு விற்கும் கடைகளின் பெயர்ப்பலகைகளை நோக்கினால் மூன்று சொற்கள் மாறிமாறிக் கண்ணில் படும்: ரிஸ்தொராந்தே, த்ராத்தோரியா, ஒஸ்தெரியா. முதலிரண்டும் பிரெஞ்சு மொழியின் வழி வந்தவை. ரிஸ்தொராந்தே என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் தோன்றிய வகை. த்ராத்தோரியா என்பது சமைத்த உணவை விற்போரைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் இத்தாலிய வடிவம். மூன்றாவதான ஒஸ்தெரியாவே இவற்றுள் மூத்தது. எளியவர்க்கு உரியதும் அதுவே. அதன் வேர் ‘ஹோஸ்பெஸ்’ என்னும் இலத்தீன் சொல். விருந்து அளிப்பவன், விருந்தாக வருபவன் ஆகிய இருவரையும் அந்த ஒரே சொல் குறித்தது. நம் மொழியில் விருந்து என்பதற்குப் புதுமை என்பதே முதற்பொருள் என்றும், தொல்காப்பியம் அச்சொல்லை அப்பொருளில் ஆள்கிறது என்றும் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவரும் நமக்கு, தொலைவிலுள்ள மற்றொரு மொழியும் முன்பின் அறியாத மனிதனை உணவோடு சேர்த்தே எண்ணியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஒஸ்தெரியாவில் விருந்தினன் காசு கொடுக்க வேண்டும். அதன் வரலாறு முழுவதும் அந்தக் காசு எவ்வளவு என்பதைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது நம் கருத்து.

கதை கி.பி. 79க்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெசூவியஸ் எரிமலையின் சாம்பல் மூடிய பொம்பெயி நகரில் ‘தெர்மோபோலியம்’ என்று இன்று ஆய்வாளர் அழைக்கும் தெருவோர உணவுக் கடைகள் சுமார் 80 இருந்தன. தெருவைப் பார்த்த கல்மேடை, அதில் புதைத்த பெரிய சாடிகள், அவற்றில் உணவு: இவ்வளவுதான் கடை. 2020ஆம் ஆண்டு இறுதியில் முழுமையாக வெளிப்பட்ட ஒரு கடையின் சாடிகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. மேடையின் முகப்பில் தலைகீழாகத் தொங்கும் வாத்துகளை வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள். எழுத்தறியாதவனுக்கும் புரியும் விலைப்பட்டியல் என்று அதைக் கொள்ளலாம். ரோமாபுரியின் அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள் பலருக்குச் சமையற்கட்டு இல்லை. மர மாடங்களில் அடுப்பு மூட்டுவது தீவிபத்தை வரவழைப்பதாகும். எனவே சூடான உணவு வேண்டுமெனில் தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். ‘பொப்பீனா’ எனப்பட்ட அக்கடைகளைச் செல்வர் இழிவாகப் பேசினர். பேரரசர்களோ அஞ்சினர். கிளாடியஸ் அங்கே வேகவைத்த இறைச்சியும் வெந்நீரும் விற்கக்கூடாது என்றார். நீரோ காய்கறி, பருப்பு வகைகள் தவிரச் சமைத்த எதையும் விற்கத் தடை விதித்தார். வெஸ்பாசியன் காலத்தில் பருப்பு மட்டுமே மிஞ்சியது. ஏழைகள் ஓரிடத்தில் கூடி உண்டால் பேசுவார்கள். பேச்சு அரசியலில் போய் முடியும். ஒரே தடையை மீண்டும் மீண்டும் பிறப்பிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அது எவ்வளவு பலித்தது என்பது விளங்கும்.

இடைக்காலத்தில் இக்கடைகளுக்குப் புதுவாழ்வு தந்தோர் யாத்திரிகர்கள். 1300ஆம் ஆண்டைப் போப் எட்டாம் போனிஃபாஸ் புனித ஆண்டாக அறிவித்தபோது ரோமாபுரிக்குத் திரண்ட கூட்டத்துக்கு உணவும் படுக்கையும் வேண்டியிருந்தன. அதன்பின் விடுதித் தொழில் நகரின் பெருந்தொழில்களுள் ஒன்றாயிற்று. போர்ஜியா குடும்பத்துச் சேசரே, லுக்ரேசியா ஆகியோரின் தாயான வன்னோஸ்ஸா கத்தானேய் அம்மையாரே இத்தொழிலில் முதலிட்டவர். காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தருகே அவருடைய விடுதியின் சுவரில் குலச்சின்னத்தை இன்றும் காணலாம். 1580 நவம்பர் இறுதியில் ரோமாபுரி வந்துசேர்ந்த பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேய்ன் முதலில் தங்கியது ‘கரடி’ என்ற பெயர்கொண்ட விடுதியில்.

இவ்விடங்களில் பெரியோரும் சிறியோரும் அடுத்தடுத்து அமர்ந்தனர் என்பதற்கு நாம் மிகவும் விரும்பும் சான்று ஓர் ஓவியரின் வழக்கு. 1604 ஏப்ரலில் கரவாஜ்ஜோ, ‘மோரோ’ என்னும் ஒஸ்தெரியாவில் உண்ண அமர்ந்தார். பணியாள் எட்டுக் கூனைப்பூக்களைத் தட்டில் கொண்டுவந்தான். நான்கு வெண்ணெயில் வதக்கியவை, நான்கு எண்ணெயில். எவை எதில் வெந்தவை என்று ஓவியர் கேட்டார். முகர்ந்து பார்த்தால் தெரியும் என்பது பணியாளின் மறுமொழி. தட்டு அவன் முகத்தில் பறந்தது, கன்னத்தில் காயம். பணியாள் நீதிமன்றம் சென்று முறையிட்டதனால்தான் இந்தச் செய்தி நமக்குக் கிட்டியது. கர்தினால்களின் மாளிகைகளில் போற்றப்பட்ட ஒரு கலைஞர் எளிய உணவுக் கடைக்கும் வந்தார். அங்கே தம்மை யாரும் தனியே மதிக்கவில்லை என்பதைத் தாங்க அவரால் இயலவில்லை. பணியாளின் பக்கமே நம் மனம் சாய்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நெடுங்காலம் ஒஸ்தெரியாவின் முதன்மைச் சரக்கு திராட்சை மதுவே. உணவு துணைக்கு வந்தது. ரோமாபுரியை அடுத்த குன்றுகளிலிருந்து வண்டிகளில் பீப்பாய்கள் வந்திறங்கும். புதுமது வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கடைவாசலில் ஒரு மரக்கிளையைக் கட்டித் தொங்கவிடுவர். அதனால் அத்தகைய கடைக்கு ‘ஃப்ரஸ்கெத்தா’ என்றே பெயர். மண்கலத்தில் ஊற்றி அளவில் ஏமாற்றுகிறார்கள் என்ற புகார் எழவே, போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் (1585–1590) கண்ணாடிக் கலங்களைப் புகுத்தினார். அரை லிட்டர் கொண்ட கலத்துக்கு ‘ஃபொய்யெத்தா’ என்று பெயர். இரு லிட்டருக்கும் ஒரு மிடறுக்கும்கூடத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. மதுவை மட்டும் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து துணியில் முடிந்து எடுத்துவந்த ரொட்டியையும் பாலடைக்கட்டியையும் அங்கேயே அமர்ந்து உண்பது வழக்கம். முடிச்சு என்னும் பொருள்படும் ‘ஃபகோத்தோ’விலிருந்து அவர்களுக்கு ‘ஃபகொத்தாரி’ என்ற பெயர் வந்தது. முடிச்சுக்காரர் என்று மொழிபெயர்க்கலாம். இன்று இத்தாலிய உணவகங்களில் உணவின் விலையோடு தலைக்கு இவ்வளவு என்று சேர்க்கும் ‘கொபெர்த்தோ’ என்னும் கட்டணம், இப்படி இடத்தை மட்டும் பயன்படுத்தியோரிடம் வாங்கியதன் எச்சமே என்பது பரவலான விளக்கம். சுற்றுலாப் பயணியர் மிகவும் முணுமுணுக்கும் இந்தக் கட்டணத்தை ரோமாபுரியை உள்ளடக்கிய லாத்சியோ வட்டாரம் 2006இல் சட்டமியற்றித் தடுக்க முனைந்தது. இன்று பலவிடங்களில் அது ரொட்டிக்கான கட்டணம் என்ற பெயரில் நடமாடுகிறது.

இனி, ஒஸ்தெரியா உணவு என்று உலகம் இன்று கொண்டாடுவது எங்கே உருவாயிற்று என்பதற்கு வருவோம். ரோமாபுரியின் தெற்கே தெஸ்தாச்சோ என்னும் பகுதியில் ஒரு குன்று உள்ளது. இயற்கைக் குன்று அன்று. ஆற்றுத் துறைமுகத்தில் வந்திறங்கிய எண்ணெய்ச் சாடிகளை மூன்று நூற்றாண்டுக் காலம் உடைத்து அடுக்கியதால் எழுந்தது. உயரம் சுமார் 35 மீட்டர். ஓட்டுத் துண்டுகளின் இடைவெளியில் காற்று புகுந்து உள்ளே குளிர்ச்சியாக இருப்பதால், குன்றின் அடிவாரத்தைக் குடைந்து மதுவைச் சேமித்தனர். சேமித்த இடத்திலேயே விற்கவும் செய்தனர். ஒன்றுபட்ட இத்தாலியின் தலைநகராக ரோமாபுரி ஆன பிறகு, இக்குன்றின் அருகே 1888க்கும் 1891க்கும் இடையில் பெரியதொரு இறைச்சிக்கூடம் எழுந்தது. தொழிலாளர் குடியிருப்புகளும் சுற்றிலும் வளர்ந்தன.

அங்கே தோலுரிப்போருக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கிடைத்தவை, விற்பனைக்கு ஆகாத குடல், வால், நாக்கு, கன்னம், ஈரல் போன்றவை. அறுத்த மாட்டை நான்கு பங்காக்கி முதற்பங்கு பிரபுக்களுக்கு, இரண்டாவது குருமாருக்கு, மூன்றாவது வணிகருக்கு, நான்காவது படைவீரருக்கு என்பது அவ்வூரார் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மிச்சத்துக்குப் பெயர் ‘க்வின்தோ க்வார்த்தோ’, அதாவது ஐந்தாவது கால். கால்பங்கையும் விலங்கின் காலையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழில் இப்பெயர் மூலத்தைவிட இன்னும் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. மாட்டுக்கு இல்லாத அந்த ஐந்தாவது காலைத் தொழிலாளர் எடுத்துக்கொண்டு ஒஸ்தெரியாக்களுக்குப் போனார்கள். அங்கிருந்த பெண்கள் அதைச் சமைத்தார்கள். மாட்டுவாலைச் செலரித் தண்டும் தக்காளியும் சேர்த்துப் பல மணிநேரம் சிறுதீயில் வேகவிட்டது ‘கோதா அல்லா வச்சினாரா’. வச்சினாரி என்றால் மாட்டுத்தோல் உரிப்பவர். பால்குடி மாறாத கன்றின் குடலை உள்ளிருக்கும் பாலோடு வேகவைத்துக் குழல்பாஸ்தாவில் சேர்ப்பது ‘பயாத்தா’. குடற்பையைப் புதினா வகைக் கீரையோடும் செம்மறியாட்டுப் பாலடைக்கட்டியோடும் சேர்த்தால் சனிக்கிழமை உணவு. வியாழக்கிழமை உருளைக்கிழங்கு உருண்டையான ஞோக்கி, வெள்ளிக்கிழமை மீன் என்று கிழமைக்கு ஒரு பதார்த்தம் வைத்திருந்தனர். கிழமை தெரிந்தால் உணவு தெரியும்; விலையும் தெரியும்.

மாட்டு நோய் அச்சத்தால் 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் கன்றின் குடலைத் தடை செய்தபோது, ரோமாபுரியார் ஆட்டுக்குட்டிக் குடலை வைத்து ஒப்பேற்றிக் காத்திருந்தனர். 2015இல் தடை நீங்கியது. இறைச்சிக்கூடமோ 1975இலேயே மூடப்பட்டுவிட்டது. இப்போது அக்கட்டடங்களில் கலைக்கூடமும் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையும் இயங்குகின்றன. கூலியாக வந்த குடல் நின்றுபோயிற்று. குடல் உணவு மட்டும் நிலைத்தது, முன்னினும் கூடுதல் விலையில்.

மற்றொரு பதார்த்தம் காச்சோ எ பெப்பே. பாஸ்தா, பாலடைக்கட்டி, மிளகு என்னும் மூன்றே பொருள்கள். ஒருகாலத்தில் மிளகு ஏழைக்கு எட்டாத பண்டம். முசிறித் துறைக்கு யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு பதிவுசெய்திருக்கிறது. மறுமுனையில், டொமீஷியன் காலத்தில் ரோமாபுரியின் நடுவே மிளகுக்கென்றே பண்டசாலை கட்டினர். மிளகைப் பொன்போல் நிறுத்து வாங்குகிறார்களே என்று பிளினி அங்கலாய்த்தார். அதே நகரில் பிற்காலத்தில் அது மந்தை மேய்ப்பவனின் உணவாயிற்று.

பாரம்பரியம் என்ற சொல்லை இங்கே சற்று எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். கார்பொனாரா இல்லாத ரோமாபுரி ஒஸ்தெரியா இன்று அரிது. ஆனால் இரண்டாம் உலகப்போருக்கு முன் வெளியான அடா போனியின் ரோமானியச் சமையல் நூலில் அது இல்லை. 1944 ஜூனில் நேசநாட்டுப் படைகள் நகருள் புகுந்தன. படைவீரரின் பன்றி இறைச்சியும் முட்டைத்தூளும் உள்ளூர்ப் பாஸ்தாவைச் சந்தித்ததில் பிறந்தது என்பதே பலர் ஏற்கும் விளக்கம். அச்சில் வந்த முதற்குறிப்புகளுள் ஒன்று 1952ஆம் ஆண்டுச் சிகாகோ நூல். 1954இல் இத்தாலிய இதழொன்று தந்த செய்முறையில் பூண்டும் சுவிட்சர்லாந்துப் பாலடைக்கட்டியும் உண்டு. இன்று எந்த ரோமாபுரிச் சமையற்காரரிடமும் அதைச் சொன்னால் கரவாஜ்ஜோவின் தட்டு நம்மை நோக்கிப் பறக்கும். அமாத்ரிச்சே என்னும் மலையூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ரோமாபுரியில் கடைவைத்து ஊர்ப்பெயரால் ஒரு குழம்பைப் பரப்பினர். 2016 ஆகஸ்டு நிலநடுக்கத்தில் அவ்வூர் தரைமட்டமானது. குழம்பின் பெயரில் உலகெங்கும் நிதி திரண்டது. மிலானில் கடை விரித்தவர்களோ தஸ்கனியர். ஆக, இவை வந்தேறிகளின் உணவு, மிச்சத்தின் உணவு, பெரும்பாலும் ஒன்றிரண்டு தலைமுறை வயதுடையவை. அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடவில்லை. நிலைத்து நின்றது ஓர் ஏற்பாடு: கையில் காசு குறைந்தவன் அமர்ந்து உண்ண ஓர் இடம்.

அந்த ஏற்பாட்டை உடைக்க நீரோவுக்குப் பின்னும் முயன்றவர் உண்டு. 1927 மே மாத நாடாளுமன்ற உரையில் 25,000 ஒஸ்தெரியாக்களை மூடியதாக முசோலினி பெருமையோடு அறிவித்தார். சொல்லப்பட்ட காரணம் குடிப்பழக்கம். தொழிலாளர் சங்கத்தார் கூடிப்பேசிய இடங்களும் அவையே. அப்பெருந்தாக்குதலிலும் பிழைத்தவற்றை, சந்தடியில்லாமல் கரைத்தது பிற்காலத்து வளம். 1957இல் எழுத்தாளர் மாரியோ சொல்தாத்தி, போ ஆற்றுப் படுகை நெடுகக் கலப்பற்ற உணவைத் தேடிச் செல்லும் தொலைக்காட்சித் தொடரை எடுத்தார். தேட வேண்டிய நிலை அப்போதே வந்துவிட்டது. 1986இல் ரோமாபுரியின் ஸ்பானியப் படிக்கட்டுச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது எதிர்ப்பாளர்கள் தெருவில் பாஸ்தா வழங்கினர். அவ்வாண்டிலேயே கார்லோ பெத்ரீனி முதலானோர் தொடங்கிய அமைப்பு, பின்பு ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கமாக 1989இல் பாரிசில் அறிக்கை வெளியிட்டது. நத்தையே அதன் சின்னம். 1990இல் அது கொண்டுவந்த ‘ஒஸ்தெரியே தித்தாலியா’ என்னும் கையேடு, எளிய கடைகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தது. பல கடைகள் மூடாமல் பிழைத்ததில் அக்கையேட்டுக்குப் பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் கையேட்டில் பெயர் வந்ததும் வெளியூர்க்காரர் வருவர்; மாதக்கணக்கில் முன்பதிவு நிரம்பும்; பக்கத்துத் தெரு முதியவருக்கு மேசை கிடைக்காது.

விலை ஏன் மலிவாயிருந்தது என்று கேட்போர் குறைவு. வாடகை குறைவு, இறைச்சி, பிறர் வேண்டாமென்று கழித்தது, சமையற்கட்டில் நின்ற மனைவிக்கும் மாமியாருக்கும் கூலியே இல்லை. பாட்டியின் கைமணம் என்று விளம்பரப்படுத்தும்போது அந்தப் பாட்டிக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்களா என்றும் கேட்கத்தான் வேண்டும். அவள் பேத்தி படித்து வேறு வேலைக்குப் போனதை எந்த இயக்கமும் குறை சொல்ல முடியாது. மோதெனா நகரில் 1995இல் மாஸ்ஸிமோ பொத்துரா தொடங்கிய ‘ஒஸ்தெரியா ஃப்ரான்செஸ்கானா’ மூன்று மிஷலின் நட்சத்திரங்கள் பெற்றது. 2016இலும் 2018இலும் உலகின் முதல் உணவகமாகப் பட்டியலிடப்பட்டது. அங்கே ஒருவேளை உண்ணும் செலவில் பழைய தெஸ்தாச்சோ தொழிலாளி பல மாதம் உண்டிருப்பான். பெயர் மட்டும் ஒஸ்தெரியா.

2025 டிசம்பரில் தில்லிச் செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையலை மானுடத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பொலோஞ்ஞா நகரில் 1465 முதல் அறியப்படும் ‘ஒஸ்தெரியா தெல் சோலே’யில் இப்போதும் சமையல் கிடையாது. அங்காடித் தெருவில் ரொட்டியும் பன்றித்தொடை இறைச்சியும் வாங்கிப் பொட்டலத்தோடு உள்ளே போகலாம். மாணவரும் கிழவரும் பயணியரும் நெடிய மேசைகளில் நெருங்கி அமர்ந்து, ஆளுக்கொரு கோப்பை மது வாங்கிக்கொண்டு பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.