கோட்டையா, கூழாங்கல்லா? வீட்டு மீன்தொட்டி அலங்காரத்தின் வரலாறு

பெங்களூரு லால்பாக் தோட்டத்தின் கண்ணாடி மாளிகைக்கு 1889ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. 1851ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக லண்டனில் எழுப்பப்பட்ட படிக மாளிகையே அதன் முன்மாதிரி. மலிந்த கண்ணாடியின் யுகம் ஈன்ற குழந்தைகளுள் லால்பாக் மாளிகை ஒன்று. வீட்டு மீன்தொட்டி மற்றொன்று. இன்று அதே நகரின் வண்ணமீன் கடைகளில் அலங்காரப் பொருள்கள் இரு முகாம்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு தட்டில் மரவேர், கூழாங்கல், நீர்ச்செடி. எதிர்த்தட்டில் பிளாஸ்டிக் கோட்டை, மூழ்கிய கப்பல், காற்றுக்குமிழியால் வாய் திறந்து மூடும் புதையல் பெட்டி. முன்னதை வாங்குவோர் ரசனை உடையோர், பின்னதை வாங்குவோர் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவோர் என்னும் தீர்ப்பும் அங்கேயே உடன் விற்கப்படுகிறது. இத்தீர்ப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காட்டிலும், 'இயற்கை' என்று பெயரிடப்பட்ட அலங்காரத்திற்கு யார் விலை கொடுத்தனர் என்பதே வரலாறு எழுப்பும் கடினமான கேள்வி.

கண்ணாடிக்கு முந்தைய உலகில் மீன் மேலிருந்து பார்க்கப்பட்ட உயிர். சிருங்கேரியில் துங்கை நதியின் படித்துறையில் திரளும் மீன்களுக்குப் பக்தர்கள் இன்றும் படியில் நின்று குனிந்தே பொரி இடுகின்றனர். கல்யாணச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'மானசோல்லாசம்' மீன்பிடித்தலை அரச பொழுதுபோக்குகளுள் ஒன்றாக எண்ணி, மீன் வகைகளையும் அவற்றிற்கேற்ற இரைகளையும் விரித்துரைக்கிறது. அங்கும் மன்னன் நிற்பது கரையில்தான். சீனத்தில் பொன்மீன் முதலில் குளங்களிலும் பின்னர் பீங்கான் தொட்டிகளிலும் வளர்ந்தது. அதன் முதுகும் வாலும் மேலிருந்து நோக்கும் கண்ணுக்காகவே தேர்ந்து பெருக்கப்பட்டன. இவ்வகைப் பார்வைக்குப் பின்னணிக் காட்சி தேவைப்படவில்லை. நீரின் மேற்பரப்பே போதுமான திரையாக இருந்தது.

கண்ணாடிச் சுவர் பார்வையைப் பக்கவாட்டிற்குத் திருப்பியது. பக்கவாட்டில் பார்த்தவுடன் வெறுமை தெரிந்தது. வெறுமை தெரிந்தவுடன் மேடை அமைக்கும் ஆசை பிறந்தது. தொட்டி அலங்காரத்தின் தோற்றுவாய் இதுவே.

பிரிட்டன் 1845ஆம் ஆண்டு கண்ணாடி மீதான தீர்வையை நீக்கியது. அதற்கு முன்பே நதானியேல் வார்டு என்னும் லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நெடுநாள் வாழும் என்று கண்டறிந்திருந்தார். அவர் பெயர் தாங்கிய பெட்டிகளில்தான் 1860களின் தொடக்கத்தில் சிங்கோனாக் கன்றுகள் கடல் கடந்து நீலகிரிக்கு வந்தன. அதே மூடிய பெட்டிக் கருத்தை நீருக்குள் கொண்டுசென்றவர் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர். 1850ஆம் ஆண்டு அவர் விளக்கிய சோதனையில் பொன்மீன்களும், நாடா போன்ற இலையுடைய வாலிஸ்னேரியா செடியும், நத்தைகளும் ஒரே தொட்டியில் இருந்தன. செடி உயிர்வளி தந்தது. அழுகிய இலையை நத்தை தின்றது. நீர் கெடாமல் நின்றது. ஆக, முதல் தொட்டியில் இடப்பட்ட செடி அலங்காரம் அன்று, உயிர்காக்கும் உறுப்பு. 'இயற்கை அலங்காரம்' என இன்று வழங்கும் சொல்லின் ஆதிப்பொருள் இத்தகையது.

ஆனால் அச்சொல் விரைவில் தடம் மாறியது. லண்டன் விலங்குக் காட்சிச்சாலை 1853ஆம் ஆண்டு மீன்களுக்கென ஒரு கண்ணாடி இல்லத்தைத் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' வெளிவந்து, கடலைக் கூடத்திற்குக் கொண்டுவரும் மோகத்தைப் பரப்பியது. நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் வாளியும் உளியுமாகக் கடற்கரைக்குச் சென்றன. கடற்சாமந்தி, நட்சத்திர மீன், பாசி படர்ந்த பாறைத்துண்டு எதுவும் மிஞ்சவில்லை. டெவன் கடற்கரையின் பாறைக்குட்டைகள் தம் தந்தையின் நூல்களால் தூண்டப்பட்ட சேகரிப்பாளர்களால் பாழ்பட்டதை மகன் எட்மண்ட் காஸ் 1907ஆம் ஆண்டு வெளியான தம் நினைவு நூலில் துயரத்துடன் பதிவு செய்தார். இயற்கையை நேசித்தோரே இயற்கையை வெறுமையாக்கினர் என்பது மீன்தொட்டியின் முதல் தலைமுறையிலேயே நிகழ்ந்துவிட்டது.

இந்தியாவிலும் கதை கடற்கரையிலேயே தொடங்கியது. 1909ஆம் ஆண்டு சென்னை மெரினாவில் திறக்கப்பட்ட கடல்வாழ் உயிரினக் காட்சியகம் நாட்டின் முதல் மீன் காட்சியகமாகக் கருதப்படுகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அதற்கு வித்திட்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கடலே இல்லாத பெங்களூருவில், கப்பன் பூங்காவின் அரசு மீன் காட்சியகம் 1983ஆம் ஆண்டுதான் திறக்கப்பட்டது. கடல் தொலைவாக இருந்த இந்நகரத்தில் கடலின் எச்சங்களுக்கு மதிப்பு மிகுதி. வெள்ளை வெளேரென்ற பவளக்கல், சங்கு, சிப்பி ஆகியன வரவேற்பறைத் தொட்டிகளின் பெருமைக்குரிய பொருள்களாயின.

அப்பவளக்கல் எங்கிருந்து வந்தது? தமிழகத்தின் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. பெரும்பகுதி சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டுமானத்திற்கும் போயிற்று. அழகிய கிளைகள் அலங்காரச் சந்தைக்குச் சென்றன. பாறையின் அரண் அகன்ற இடத்தில் அலை கரையைத் தின்றது. வளைகுடாவின் 21 தீவுகளுள் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. பவளம் வெட்டியதே அதன் முதன்மைக் காரணமாகச் சுட்டப்படுகிறது. 1986ஆம் ஆண்டு அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு பாறை அமைக்கும் பவளங்கள், கடல்விசிறிகள், கடற்குதிரைகள் முதலியன 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய காப்பு பவளத்திற்கும் கிட்டியது. பொம்மைக் கோட்டை மீது 'செயற்கை' என்ற பழி இருந்த காலமெல்லாம், அதன் அருகில் 'இயற்கை'யாக வீற்றிருந்த வெள்ளைக்கல், உயிர்கள் நூற்றாண்டுகளாகக் கட்டிய வீட்டின் இடிபாடாக இருந்தது.

இனி எதிர்முகாமின் வரலாறு. கோட்டையும் கப்பலும் வெறும் கேலிப்பொருள்கள் அல்ல. நீர்மூழ்கி வீரன் பொம்மை 19ஆம் நூற்றாண்டின் செப்புத்தலைக்கவசத்தை இன்னும் அணிந்திருக்கிறது. ஆழ்கடல் மனிதனுக்குத் திறந்த காலத்தின் வியப்பு அதனுள் உறைந்துள்ளது. மின்விசைக் காற்றுக்குழாய் வீடுகளுக்கு வந்தபின் அப்பொம்மைக்கு உயிரும் வந்தது. பிளாஸ்டிக் மலிந்த பிறகு அது எளிய குடும்பத்தின் தொட்டிக்கும் எட்டியது. கடலை ஒருமுறையும் காணாத குழந்தைக்கு மூழ்கிய கப்பல் ஒரு கதையின் வாயில். அக்கதைக்காக எந்தத் தீவும் மூழ்கவில்லை. அதனைக் கீழ்த்தர ரசனை என்று ஒதுக்குவதில் அழகியலைவிட வர்க்கப் பெருமிதமே மிகுதி.

எனினும் பொம்மை குற்றமற்றது என்று முடித்துவிட இயலாது. தரமற்ற வண்ணப்பூச்சு நீரில் உரியும். கூரிய பிளாஸ்டிக் இலை நீண்ட துடுப்புடைய சண்டைமீனின் துடுப்பைக் கிழிக்கும். குறுகிய துளைக்குள் புகுந்த மீன் வெளிவர இயலாமல் சிக்கும்.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்கை முகாமுக்குப் புதிய தத்துவம் அளித்தவர் ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015). கல், மரவேர், செடி ஆகியவற்றைக் கொண்டு நிலக்காட்சியையே தொட்டிக்குள் அமைக்கும் அவரது முறை 1990களில் உலகெங்கும் பரவியது. லிஸ்பன் காட்சியகத்தில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 40 மீட்டர் நீளத் தொட்டி அவரது கடைசிப் பெரும்படைப்பு. பெங்களூருவிலும் அம்முறைக்கு ஆர்வலர் பலர். செடி உயிரோடிருப்பதால் வாரிங்டனின் பழைய சமநிலைக்கு இம்முறை ஓரளவு திரும்புகிறது என்பது மெய்யே. ஆயினும் செடி தொட்டியோடு நிற்பதில்லை. தென்னமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக உலகம் சுற்றிய ஆகாயத்தாமரை பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைப் போர்த்திய காட்சி அனைவரும் அறிந்தது. 2020ஆம் ஆண்டு கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டியில் நீரோடை முழுதும் இளஞ்சிவப்பாகப் பூத்தபோது மக்கள் திரண்டு வந்து படம் எடுத்தனர். பூத்தது கபோம்பா, மீன்தொட்டிகளுக்கென விற்கப்படும் அயல்நாட்டுச் செடி. இயற்கைப் பொருளும் இடம் மாறினால் கேடாகும்.

இரு முகாம்களும் கேளாது விட்ட சாட்சி மீன். அதற்குக் கோட்டை, பாறை என்ற பேதம் தெரியாது. ஒளிய ஒரு நிழல், முட்டையிட ஒரு பரப்பு, உடலுக்கேற்ற நீர் ஆகிய மூன்றே அதன் தேவை. நீரைப் பொறுத்தவரை அலங்காரம் ஒரு வேதிப்பொருள். பவளமும் சிப்பியும் சுண்ணாம்பு. அவை கரைந்து நீரின் கடினத்தை ஏற்றும். பெங்களூருவின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் ஏற்கெனவே கடினமானது. மரவேர் சாயம் கசியவிட்டு நீரைச் சற்றே அமிலமாக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளில் வாழும் 'மிஸ் கேரளா' மீனைச் சுண்ணாம்புக் கல் நிறைந்த தொட்டியில் விடுவது, மலைவாசியை உப்பளத்தில் குடியேற்றுவது போன்றது. 1865ஆம் ஆண்டு பிரான்சிஸ் டே அதற்கு அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். பெயர் ஆளுநருடையதாயினும் வீடு ஓடைதான்.

விந்தை என்னவெனில், தீங்கற்ற அலங்காரம் நகரின் காலடியிலேயே கிடக்கிறது. லால்பாக் குன்றில் தலைகாட்டும் தீபகற்ப நைஸ் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையானது. குன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம், அதனைத் தொடலாகாது. ஆனால் அவ்வினப் பாறையின் சில்லுகள் நகரின் கட்டுமான இடங்களில் குவிந்துள்ளன. அவை நீரில் கரைவதில்லை. ஒரு துளி வினிகர் விட்டால் நுரைக்காத கல் எதுவும் பெரும்பாலும் தொட்டிக்கு ஏற்றதே. உடைந்த மண்சட்டியின் பாதி ஒன்று, பல மீன்களுக்கு எந்தக் கோட்டையைக் காட்டிலும் நல்ல குகை.

இந்த வரலாற்றின் இருண்ட முனை, அலங்காரம் மீனுக்குள்ளேயே புகுந்த கட்டம். இந்திய நன்னீரில் வாழும் கண்ணாடி மீனின் உடல் ஊடுருவித் தெரியும். அவ்வெறுமையும் பொறுக்காமல் ஊசியால் அதனுள் வண்ணம் ஏற்றி விற்றனர். 2017ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த மீன்தொட்டி விதிகள் செயற்கையாக வண்ணமூட்டிய மீன்களைத் தடைப்பட்டியலில் வைத்தன. வணிகத் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. கண்ணாடிச் சுவர் தோற்றுவித்த வெறுமையின் அச்சம் முதலில் கோட்டையைக் கேட்டது. பிறகு பவளத்தைக் கேட்டது. கடைசியில் மீனின் தோலையும் கேட்டது.

ஆகவே இயற்கையா பொம்மையா என்னும் வழக்கில் தீர்ப்புக் கூறும் முன் ஒவ்வொரு பொருளிடமும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். எங்கிருந்து எடுக்கப்பட்டாய்? உள்ளே இருக்கும் உயிருக்கு என்ன செய்வாய்? இவ்விரண்டிற்கும் நேர்மையாக விடை சொல்லும் பிளாஸ்டிக் கோட்டை, சொல்ல இயலாத வெள்ளைப் பவளத்தைக் காட்டிலும் இயற்கைக்கு நெருக்கமானது.