பகுபடாச் செயலும் நினைவக ஒழுங்கும்

தனியொருவன் செய்யும் கருமத்தில் எது முன், எது பின் என்னும் வினா பெரிதும் எழுவதில்லை. பலர் ஒரே பொருளை ஒரே வேளையிற் கையாளப் புகும்போதுதான் ஒழுங்கு என்பது ஒரு பிரச்சினையாகின்றது. மனித சமுதாயம் இதனைச் சட்டத்தாலும் வழக்காற்றாலும் ஒருவாறு தீர்த்துக்கொண்டது. கணனித்துறையினர்க்கோ இதனைத் தெளிவுற விளங்கிக்கொள்வதற்கே ஏறக்குறைய அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அவ்வரை நூற்றாண்டின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரச்சினை யாதென முதலில் நோக்குவோம். ஒரு செய்நிரலினுள் ஒரே காலத்தில் இயங்கும் செயற்றொடர் ஒவ்வொன்றும் இழை எனப்படும். இழைகள் பலவும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வன. அந்நினைவகத்தில் ஓரிடத்தில் 7 என்னும் எண் இருக்கின்றதெனவும், இரண்டு இழைகள் தனித்தனியே அதனோடு ஒன்றைக் கூட்டுகின்றனவெனவும் கொள்வோம். விடை 9 ஆதல் வேண்டும். ஆனால் கூட்டல் என நாம் கருதுவது உண்மையில் மூன்று செயல்களாகும்: எண்ணை வாசித்தல், ஒன்றைக் கூட்டுதல், மீண்டும் எழுதுதல். முதலாம் இழை 7 ஐ வாசித்தபின், விடையை எழுதுமுன், இரண்டாம் இழையும் அதே 7 ஐ வாசித்துவிடின், இரண்டும் 8 என்றே எழுதும். ஒரு கூட்டல் சுவடின்றி மறைந்துபோம். இக்கேடு நேராவண்ணம், இடையிற் பிறிதொன்று புகவியலாதவாறு முழுமையாக நிகழும் செயலே பகுபடாச் செயல் அல்லது அணுச்செயல் எனப்படும். அணுகுண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை; பிளக்கவொண்ணாதது என்னும் பழைய கிரேக்கப் பொருளிலேயே அணு என்னுஞ் சொல் ஈண்டு வழங்குகின்றது.

இப்பிரச்சினையைத் தெளிவாக வரையறுத்த பெருமை ஒல்லாந்து நாட்டு அறிஞர் எட்சர் டைக்ஸ்திராவைச் சாரும். பல கணனிகள் ஒரு பொது நினைவகத்தின் வாயிலாக மட்டும் தொடர்புகொள்ளுமாயின், செய்நிரலின் முக்கியமானவொரு பகுதிக்குள் ஒரு வேளையில் ஒன்றே புகுமாறு செய்வது எங்ஙனம் என 1965 ஆம் ஆண்டில் வெளிவந்த சிறு கட்டுரையொன்றில் அவர் வினவி, விடையும் பகர்ந்தார். இருவருக்கு மட்டும் பொருந்தும் விடையை அவர் நாட்டுக் கணித அறிஞராகிய டெக்கர் முன்னரே கண்டிருந்தார். டைக்ஸ்திராவின் விடை ஓர் எடுகோளின்மேல் நின்றது. நினைவகத்தில் ஒருமுறை வாசித்தலும் ஒருமுறை எழுதுதலும் பகுபடாச் செயல்கள் என்பதே அது. இதனை அவர் வெளிப்படையாகவே கூறினார். ஆனால், ஒருவர் எழுதிய ஒழுங்கிலேயே மற்றவர் அனைவரும் அவற்றைக் காண்பர் என்னும் இன்னோர் எடுகோள் சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின்னாளிற் பெருந்தொல்லை விளைத்தது இவ்விரண்டாவது எடுகோளேயாம்.

இதற்கிடையிற் பொறி அமைப்போரும் வாளாவிருக்கவில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1964 இல் அறிவித்த சிஸ்டம் 360 வரிசைக் கணனிகளில், ஓரிடத்தைச் சோதித்து உடனே குறியிடும் ஒற்றை அறிவுறுத்தல் இருந்தது. அதனையடுத்து வந்த சிஸ்டம் 370 வரிசை, ஒப்பிட்டு மாற்றும் அறிவுறுத்தலைத் தந்தது. ‘நான் முன்பு கண்ட பெறுமானமே இன்னும் இருப்பின் புதியதை எழுதுக, இல்லையேல் எழுதற்க’ என்பது அதன் கருத்து. இவ்விரண்டும் ஒரு தன்மையனபோலத் தோன்றினும் ஆற்றலில் வேறுபட்டவை. ஓரிழை மற்றொன்றிற்காகக் காத்து நில்லாமலே எல்லாம் ஒரு முடிவுக்கு வருதல் வேண்டுமாயின், வெறும் வாசித்தலும் எழுதுதலும் இரண்டு இழைகளுக்கும் போதா. சோதித்துக் குறியிடல் இரண்டுக்குப் போதும், மூன்றுக்குப் போதாது. ஒப்பிட்டு மாற்றலோ எத்தனை இழைகளுக்கும் போதும். இதனை 1991 இல் மோரிஸ் ஹெர்லிஹி நிறுவினார்.

இவ்வறிவைப் புறக்கணித்ததன் விளைவை ஒரு துயர நிகழ்ச்சி காட்டுகின்றது. கனடாவிலே செய்யப்பட்ட தெரக்–25 என்னும் கதிர்மருத்துவப் பொறி, 1985 க்கும் 1987 க்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளருக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. அவருட் சிலர் மாண்டனர். முந்திய பொறிகளிலிருந்த இயந்திரக் காப்புகள் இதில் நீக்கப்பட்டு, பாதுகாப்பு முழுவதும் செய்நிரலிடமே விடப்பட்டிருந்தது. அச்செய்நிரலிற் பொதுமாறிகளைச் சோதித்தலும் மாற்றுதலும் பகுபடாச் செயல்களாக அமையவில்லை என்பதை நான்சி லெவிசனும் கிளாக் டேணரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. பொறியை இயக்குபவர் விவரங்களை மெதுவாகத் திருத்தியபோது தோன்றாத வழுவொன்று, பழக்கத்தால் விரைந்து திருத்தியபோது தோன்றியது. டைக்ஸ்திராவின் கட்டுரை வெளிவந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே இது நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, சொல்லாமல் விடப்பட்ட எடுகோளுக்கு வருவோம். கணிக்கும் உறுப்பாகிய முறைவழியாக்கி விரைவுபெற விரைவுபெற, நினைவகம் அதற்கு ஈடுகொடுக்க இயலாது பின்தங்கியது. ஆதலின், எழுதவேண்டியதை ஓரிடத்திற் காத்திருக்க வைத்துவிட்டு, அடுத்த வாசிப்பை முதலிற் செய்யுமாறு முறைவழியாக்கிகள் அமைக்கப்பட்டன. இரண்டு முறைவழியாக்கிகள் தத்தம் கொடியை உயர்த்திவிட்டு மற்றதன் கொடியை நோக்குகின்றன எனக் கொள்வோம். உயர்த்திய செய்தி இரண்டிலும் காத்திருக்குமாயின், இரண்டும் மற்றதன் கொடி தாழ்ந்திருப்பதாகவே காணும், இரண்டும் உட்புகும். டெக்கரின் முறை இவ்விடத்திற் பொய்த்துவிடுகின்றது. ஒவ்வோர் எழுத்தும் பகுபடாததே. எனினும் ஒழுங்கு குலைந்தது. பகுபடாமை வேறு, ஒழுங்கு வேறு என்னும் உண்மை இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மைக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்க அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் ஆவர். அனைத்து முறைவழியாக்கிகளின் செயல்களும் ஏதோவொரு தனி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தாற்போன்ற விளைவு கிடைத்தல் வேண்டும். அவ்வரிசையில் ஒவ்வொன்றின் செயல்களும் அதன் செய்நிரல் கூறிய ஒழுங்கிலே நிற்றல் வேண்டும். 1979 இல் அவர் கூறிய இந்நிபந்தனை தொடர் ஒழுங்கமைதி எனத்தகும். ஆனால் அதனை எவ்விடத்தும் பேணுவதாயின் பொறியின் வேகம் குன்றும். ஆகவே, 1990 இல் சரிதா அத்வேயும் மாக் ஹில்லும் ஓர் உடன்படிக்கையை முன்வைத்தனர். பொதுமாறிகளைக் கையாளுமிடங்களிற் செய்நிரலாளர் உரிய முறையில் ஒழுங்கினைக் குறிப்பிட்டால், அச்செய்நிரலுக்குப் பொறி தொடர் ஒழுங்கமைதியையே காட்டும் என்பதே அதன் சாரம்.

அடுத்த இடர் செய்நிரல் மொழிகளில் எழுந்தது. மொழியைப் பொறியின் அறிவுறுத்தல்களாக மாற்றும் தொகுப்பானும் வேகத்தின்பொருட்டுச் செயல்களை முன்பின்னாக்குவதுண்டு. 1995 இல் வெளியான ஜாவா மொழி நினைவகத்துக்கென விதிகளைக் கொண்டிருந்தும், அவை குறையுடையனவெனக் கண்டு 2004 இல் திருத்தப்பட்டன. மொழியே ஒழுங்கினை வரையறுத்தாலன்றி, இழைகளை ஒரு நூலகத்தால் மட்டும் செம்மையாக அமைத்தல் இயலாதென ஹான்ஸ் போம் 2005 இல் வாதிட்டார். 2011 இல் சி, சி++ ஆகிய மொழிகளின் நியமங்கள் இதனை ஏற்றன. அவற்றின்படி, ஓரிழை தரவை எழுதிவிட்டு ‘விடுவித்தல்’ என்னும் ஒழுங்கோடு ஒரு கொடியை உயர்த்தலாம். மற்றோர் இழை ‘பெறல்’ என்னும் ஒழுங்கோடு அக்கொடியை உயர்ந்ததாகக் கண்டால், முன்னர் எழுதப்பட்ட தரவையும் அது காணும் என்பது உறுதி. வெறும் எண்ணிக்கைக்குத் தளர்ந்த ஒழுங்கே போதும். அது பகுபடாமையைத் தரும், ஏனைய செயல்களின் ஒழுங்கைத் தராது. இத்தளர்ந்த ஒழுங்கின் முழுப்பொருளை நுட்பமாக வரையறுக்கும் முயற்சி இன்னும் நிறைவுறவில்லை.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. ஒரு செய்நிரல் ஆயிரம் முறை வழுவின்றி இயங்கியமை அது சரியானது என்பதற்குச் சான்றாகாது. இன்றைய கைத்தொலைபேசியினுள்ளும் பல முறைவழியாக்கிகள் ஒரு நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவகைப் பொறியிற் பிழையின்றி ஓடியது, ஒழுங்கு தளர்ந்த பிறிதொருவகைப் பொறியிற் பிழைபடலாம். தெரக்–25 பொறியும் பல நோயாளருக்குச் செம்மையாகவே பணி செய்தது. ஆதலின், ஒழுங்கு இயல்பாகவே கிடைப்பதொன்றன்று. பொறியும் மொழியும் செய்நிரலாளரும் தம்முள் எழுத்தில் வகுத்துக் காக்கவேண்டிய உடன்படிக்கை அது. சொல்லாமல் விட்ட எடுகோளைச் சொல்லி, சொன்னதை நிறுவிக்காட்டுவதே அவ்வுடன்படிக்கையைக் காக்கும் வழியாகும்.